முன் பட்டையை மாட்டிவிட்டேன், மச்சான்

வடக்குப்பட்டு, 1991

பிள்ளைப்பாக்கத்து என் பிரியமான மச்சானுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. எல்லோரும் சௌக்கியமா என்று நீ கேட்க மாட்டாய், முதலில் ஜீப்பைத்தான் கேட்பாய். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நீ வாலாஜாபாத்தில் வாங்கிவந்து சாக்கில் சுற்றி வைத்திருந்த முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளை மாட்டிவிட்டேன். ஆமாம், நானேதான். மாட்டவே கூடாது என்று கத்தினேனே, அதே நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? பட்டாளத்து ஏலத்தில் நாம் இருவரும் சேர்ந்து எடுத்த வண்டி. பழைய பட்டை படுத்துவிட்டது, ஏரிக்கரையில் ஏறினால் மூக்கு இடிக்கிறது, கனமான பட்டையாகப் போடலாம் என்றாய். கனப் பட்டை போட்டால் குடல் வாய்க்கு வந்துவிடும் என்றேன் நான்.

"கம்பெனில போல்ட் முடுக்கறவன் நீயா, நானா?" என்று வேறு கேட்டேன்.

"அப்ப நானே மாட்டிக்கிறேன், நீ வராத" என்றாய்.

நான் வரவில்லை. நான்காம் நாள் உனக்கு நெஞ்சுவலி வந்து எல்லாம் முடிந்துவிட்டது.

உன் தங்கச்சி அதற்குப் பிறகு என்னோடு சோறு, ஷிப்ட் இரண்டைத் தவிர வேறு பேசுவதில்லை. காரியம் முடிந்த அன்று ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணன் கிட்ட ஒரு எட்டு போயிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?" பட்டையை மாட்டினாலாவது அவள் முகம் என் பக்கம் திரும்பாதா என்று நினைத்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வண்டியை எடுக்க உன் ஊருக்குப் போனேன். உன் நிலத்தருகே புரோக்கர்கள் இரண்டு பேர் கார் போட்டு வந்து நிற்கிறார்கள். நிலத்துக்காரர் எங்கே என்று கேட்டார்கள். சுடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டு வாசலில் தனியாகத்தான் வேலை செய்தேன். முன்பக்கம் ஜாக்கி போட்டு, சக்கரம் அந்தரத்தில் தொங்க, எல்லா போல்ட்டையும் இறுக்கி முடுக்கினேன். நடுவில் இரண்டு முறை "ஸ்பானரக் குடு மச்சான்" என்று கையை நீட்டிவிட்டேன். நீட்டிய கையை மடக்க வெட்கமாக இருந்தது.

ஓட்டிப் பார்த்தால் ஒரகடம் போவதற்குள் பல்லெல்லாம் ஆடிவிட்டது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொன்னேன். ஜெயித்துவிட்டேன், மச்சான். எதிரே ஆளே இல்லாமல் ஜெயித்தவன் என்னைப் போல் ஊரில் யாராவது உண்டா?

பத்து நாளில் முன்பக்கம் கிறீச்சிட ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் பட்டையின் முனை வளையத்தில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து தொங்குகிறது. அப்போதுதான் உறைத்தது. சக்கரம் தொங்கும்போது முடுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், பட்டையும் அசையாது. குற்றம் பட்டையில் இல்லை, முடுக்கிய கையில். "சக்கரம் தரையில நிக்கட்டும், நான் பம்பர் மேல குதிக்கறேன், பட்டை உக்காந்தப்புறம் முடுக்கு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாயே. வெயிட்டு காட்ட வந்துட்டாரு என்று நான் கேலி செய்வேனே. குதிக்க நீ இல்லை, எனக்கு அது மறந்தே போயிற்று.

புது புஷ் போட்டு, சக்கரத்தை இறக்கி, போல்ட்டைத் தளர விட்டேன். பம்பரில் ஏறிக் குதிப்பேன், ஓடிவந்து கீழே படுத்துப் பார்ப்பேன், மறுபடி ஓடுவேன். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் போலத்தான் இருந்திருக்கும். உன் தங்கச்சி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"நீ கீழ போ" என்று ஏறினாள். "அண்ணன் இப்டிதான் குதிக்குமா?"

"இன்னும் பலமா."

பலமாகக் குதித்தாள். கீழே படுத்திருந்த எனக்கு அவள் முகம் தெரியவில்லை. அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. போல்ட்டை ஒவ்வொன்றாக முடுக்கினேன். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நான் வெளியே வரவில்லை.

இருவருமாக ஏரிக்கரைக்கு ஓட்டிப் போனோம். மூக்கு இடிக்கவில்லை. பல்லும் ஆடவில்லை. "உங்கண்ணன் சொன்னதுதான் சரி" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமாக இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்ணன் உசுரோட இருக்கசொல்ல சொல்லியிருக்கலாம் இல்ல?"

அதனால்தான் இந்தக் கடிதம். நீ சொன்னதுதான் சரி, மச்சான். மாசம் தவறாமல் கிரீஸ் அடிப்பேன். இனி சக்கரம் தரையைத் தொடாமல் ஒரு போல்ட்டையும் முடுக்க மாட்டேன். வராதே என்று யார் சொன்னாலும் போவேன்.

உன்னிடம் தோற்றுப்போன,
உன் தங்கச்சி வீட்டுக்காரன்