முதல் வரியில் அக்கா

மார்ச் 4

அன்பான டைப்பிஸ்ட் அக்காவுக்கு,

உங்க தையல்காரி எழுதுறேன். மகன் வீட்டுக்குப் போனதும் எங்களை மறந்தாச்சு, இருக்கட்டும். நம்ம தெரு அப்படியேதான் இருக்கு. மாடி வீட்டு வாத்தியார் இன்னமும் அடுத்தவங்க வண்டியைத் தள்ளி வெச்சுட்டு வம்புக்கு நிக்கிறார். எலக்ட்ரீஷியன் பொண்ணுக்குத் தைச்ச சட்டை ஒரு பக்கம் இறங்கிடுச்சு. அதுதான் ஃபேஷன்னு அவளே சொல்லிட்டா, தப்பிச்சேன்!

போன வாரம் ஒரு கம்பெனி ஆள் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தாள் கொண்டு வந்தான். முதல் வரியில உங்க கையெழுத்து. எந்தக் காகிதம் வந்தாலும் நீங்க படிச்சுப் போட்ட பிறகுதானே நாங்க போடுவோம்? அக்காவே போட்டாச்சு, அப்புறம் என்னன்னு அரைமணி நேரத்துல பதினோரு வீடும் போட்டுட்டோம். சாக்கடை வேலைக்குத்தானேக்கா?

உங்க தங்கச்சி

மார்ச் 15

அன்புத் தங்கச்சிக்கு,

சாக்கடைக்கு இல்லைம்மா. வீடுகளை இடிச்சுக் கட்ட அவங்க கையில ஒப்படைக்கிற சம்மதம் அது. மகன் நச்சரிச்சான். பன்னிரண்டு பேரும் போட்டாத்தான் செல்லும்னு அதுலயே இருந்துச்சு. உங்கள்ல ஒருத்தராவது மாட்டேன்னு சொல்லிடுவீங்க, மகனோட மனஸ்தாபமும் இருக்காதுன்னு நம்பிப் போட்டேன். நான் இல்லாம நீங்க யாரும் படிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தோணவே இல்லையே, பாவி! வக்கீலைக் கேட்டேன். இனி ஒண்ணும் பண்ண முடியாதாம். என்னை மன்னிச்சிடும்மா.

உன் அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

ஒன்பது வீடு காலியாயிடுச்சு. எலக்ட்ரீஷியன் குடும்பம் ஆளுக்கொரு பக்கம். எனக்குக் கிடைச்சிருக்கிற அறையில தையல் மெஷினைப் போட்டா படுக்க இடமில்லை. அங்கே என்னை யாருக்குத் தெரியும், யார் துணி கொண்டு வரப் போறா?

உங்களுக்குக் கண்ணு சரியில்லை, படிக்காமலே போட்டுட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். யாருக்கும் உங்க மேல கோபம் இல்லை. வாத்தியார்கூட, "பாவம், அது என்ன பண்ணும்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

உங்க கடிதத்தைப் படிச்சவ நான் ஒருத்திதான். அதனால என்னால மட்டும் மன்னிக்க முடியலை. என் புது விலாசத்தைக் கேட்டு யாருக்கும் எழுதாதீங்க. யார்கிட்டயும் நான் கொடுக்கலை.

தையல்காரி