மேலாளர் போனிலும் மணி அடிக்கட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

அலுவலகத்தில் சின்னத் தகராறு. கம்பெனித் தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸில் இடம் தீரப்போனால் என் போனில் மணி அடிக்கும்படி அமைத்திருந்தேன். ஒரு வாரமாக ஓயாமல் அடித்தது.

"ஒரே தொல்லையா இருக்கும்மா, நிறுத்தித் தொலை" என்றார் மேலாளர்.

"இடத்தைக் கூட்டுங்க சார், அது தானா வாயை மூடும்" என்றேன்.

முறைத்தார். நான் நிறுத்தவில்லை, அவர் எண்ணையும் சேர்த்துவிட்டேன். மறுநாள் மீட்டிங்கில் அவர் போன் அலறியது. சாயங்காலத்துக்குள் இடம் வந்துவிட்டது. அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்!

இப்போது என் போன் வாயே திறப்பதில்லை. நீங்களும் ஏதாவது ஆனால்தான் கூப்பிடுகிறீர்கள். ஒன்றும் ஆகாத நாளிலும் ஒரு தடவை கூப்பிடுங்கள், அப்பா.

இடைவேளை முடிந்தது.

உங்கள் அடங்காப்பிடாரி