பட்டினி போடாத கும்பிடுபூச்சிகள்

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நேற்று மாலை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. போனில் பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்ததால் எழுதுகிறேன். கடைசிவரை படி.

அம்மா நம் கட்டுரையைப் பற்றிக் கேட்டார். ஒரே துணியைச் சட்டையாகவும் வெட்டலாம், பையாகவும் வெட்டலாம். அதுபோலப் பூச்சியின் உடம்பு ஒரே மரபணுவின் நகலை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டிக்கொள்ளும் என்றேன். பழ ஈயில் இருக்கும் ஒரு வெட்டு, அதற்கு மிகத் தூரத்துச் சொந்தமான கும்பிடுபூச்சியிலும் தனியாகவே தோன்றியிருப்பதை உங்கள் மகள் கண்டுபிடித்தாள் என்றும் சொன்னேன். “இதுக்கா ஆறு வருஷம்? எங்க தையல்காரி அரை நாள்ல வெட்டிருவா” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுல வேலைய நிரந்தரம் பண்ணிருவாங்கல்ல? இன்னும் எத்தன ஊருதான் மாறுவா” என்று கேட்டார். நான் டீ டம்ளரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

போன மாதம் வேறொரு ஆய்வகத்திலிருந்து, நம் முடிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்கள்தான் எங்கோ சொதப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். பதில் எழுதுவதற்காகப் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன்.

நீ உன் அப்பாவோடு மருத்துவமனையில் இருந்த வாரம், பூச்சிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். மாதிரி எடுக்குமுன் இரண்டு நாள் பட்டினி போட வேண்டும், வயிறு காலியாக இருக்க வேண்டும். இரண்டாம் நாள் காலை ஒன்று இன்னொன்றின் காலைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. இருப்பதும் போய்விடும் என்று பயந்து கூண்டுக்கு நாலு பழ ஈ போட்டேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது. நீ போனில், “பட்டினி போட்டாச்சா அக்கா?” என்றாய். “போட்டாச்சு, நீ அப்பாவப் பாரு” என்றேன். அந்த நேரத்தில் உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று பார்த்தேன். பிறகு மறந்தே போனேன்.

மூன்று வாரமாகத் திரும்பச் செய்து பார்த்தேன். பட்டினி கிடந்த பன்னிரண்டிலும் அந்த வெட்டு இல்லை. ஈ தின்ற பன்னிரண்டிலும் இருக்கிறது. கும்பிடுபூச்சியின் வயிற்றில் கிடந்த ஈயைத்தான் நாம் அளந்திருக்கிறோம். நம்பாமல் இன்னொரு தடவையும் செய்தேன். அதேதான். எனக்குச் ‘சந்தேகப் பிராணி’ என்று பெயர் வைத்தவள் நீ. அடுத்தவர் முடிவை எல்லாம் குடைந்தேன், என் குறிப்பேட்டைத் திறக்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டு ஆய்விதழுக்கு அனுப்பும் கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன். உன் கையெழுத்தும் வேண்டும். இன்டர்வியூ முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் தவறு என்று தெரிந்தே, இன்டர்வியூவில் உன்னை அந்தக் கட்டுரையின் படத்தைக் காட்டவிட முடியவில்லை. வண்டுகளை வைத்து நீ தனியாகச் செய்த ஆய்வின் முடிவுகள் என் கை படாதவை. அவற்றை இரண்டு முறை சரிபார்த்தேன், நிற்கின்றன. அவற்றை மட்டும் வைத்துப் பேச முடியுமா என்று பார். போதாமல் போகலாம், அதையும் மறைக்கவில்லை. தவறு யாருடையது என்று கேட்டால் என் பெயரைச் சொல், தயங்காதே. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

உனக்கு நல்லபடியாக நடக்க வேண்டும். கோபத்தை எல்லாம் எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
நீ அக்கா என்று கூப்பிடுகிறவள்