'இல்லை' என்ற கட்டத்தில் உன் டிக்

நீ பொய் சொன்னாய். பதினேழாம் எண் படிவத்தில், "வேலை செய்யும்போது மூச்சு வாங்குகிறதா?" என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறாய். படிவம் இப்போது என் மேசை மேல் கிடக்கிறது. மூலையில் உன் கட்டைவிரல் ரேகை, வாடாமல்லி நிறத்தில். பேனா மை வெளிறிவிட்டது. சாயம் அப்படியே இருக்கிறது.

டிகிரி சான்றிதழைத் தேடிப் பழைய பையைக் கவிழ்த்தபோது இந்தக் கட்டு விழுந்தது. அறுபது படிவங்கள். ரப்பர் பேண்டு இற்றுப்போய்த் தாளோடு ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். உன் சட்டையில் எப்போதும் இருக்குமே, அந்தப் புளித்த ஆசிட் நெடி, அது இருக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. வெறும் காகித வாசனைதான்.

நம் புள்ளியியல் வகுப்பில் பாதிப் பேருக்குப் பி-மதிப்பு (p-value) என்றால் பரீட்சைக்கு முந்தின நாள் உருப்போடும் நாலு வரி. எனக்கும் அப்படித்தான். விடியலில் சாயப்பட்டறையில் நின்றுவிட்டு, கழுவியும் போகாத சிவந்த கையோடு வகுப்புக்கு வரும் உனக்குத்தான் அது புரிந்தது. கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாய்:

"ஒரே தொட்டியில முக்கினாலும் ரெண்டு கட்டு நூலு அச்சா ஒரே கலர் வராதுடா. முன்ன பின்ன இருக்கும். தறிக்காரர் வந்து, 'வேற தொட்டி நூல என் தலையில கட்டிட்டியா'ன்னு கத்துவாரு. ஒடனே ஆமான்னும் சொல்லாத, இல்லன்னும் சொல்லாத. ஒரே தொட்டிதான்னு வெச்சிக்கோ. அப்பவும் இவ்ளோ வித்தியாசமோ இதுக்கு மேலயோ நூறு வாட்டில எத்தினி வாட்டி வரும்? அதான் உன் பி. அஞ்சு வாட்டிக்கும் கம்மியாதான் வரும்னா, அவரு கத்துறதுல விஷயம் இருக்கு."

"அஞ்சுக்கு மேல வந்தா? ஒரே தொட்டிதானே?"

"இன்னாடா பேஜார் பண்றே. ஒரே தொட்டின்னு அது எங்க சொல்லிச்சி? வேற தொட்டின்னு உன்னால காட்ட முடியல, அவ்ளோதான். எழுதி வெச்சிக்கோ."

நான் எழுதி வைக்கவில்லை.

கடைசி வருட ப்ராஜெக்ட் உன் யோசனை. சாயத்தொட்டியின் ஆவியில் நிற்கிறவர்கள் முப்பது பேர். அதே தண்ணீரைக் குடித்து, அதே தெருப் புழுதியைச் சுவாசித்து, தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் முப்பது பேர். இரண்டு கூட்டமும் ஒரே தொட்டி என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம். மூச்சு வாங்குகிறவர்களின் எண்ணிக்கை அப்படி இல்லை என்று காட்டினால், அறிக்கையை எடுத்துக்கொண்டு தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போவோம். பட்டறைக்குள் புகையை வெளியே தள்ளும் ஃபேன் வேண்டும், மாதம் ஒரு முறை டாக்டர் வேண்டும் என்று கேட்போம். எனக்கு மார்க் வேண்டியிருந்தது. உனக்கு ஃபேன் வேண்டியிருந்தது.

அந்த ஆவியில் நிற்கிறவர்கள் எல்லாம் உன்னைப் போலக் களம்பூர் பக்கத்துக் காலனிகளிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். நிலமும் கிடையாது, தறியும் கிடையாது. கல்யாண மேடையில் பளபளக்கும் பட்டின் சிவப்பு யாருடைய நெஞ்சு வழியாகப் போய் வந்தது என்று எந்தக் கடையிலும் யாரும் கேட்பதில்லை. என் அப்பா பள்ளி வாத்தியார். அந்த நெடி எனக்கு உன் சட்டை வழியாக மட்டும்தான் தெரியும்.

பட்டறைக்குள் போக முதலாளியிடம் அனுமதி கேட்டோம். அங்கேதான் தவறினோம்.

"தாராளமா கேளுங்கப்பா. நம்ம ஆளுங்களுக்கு இன்னா நோவு?" என்று சொல்லி எல்லாருக்கும் டீ வரவழைத்தார். பிறகு நகரவே இல்லை. ஒவ்வொருவரும் கேள்வியைக் காதில் வாங்கினார்கள், அவரைப் பார்த்தார்கள், டிக் போட்டார்கள். ஒரு பெரியவர் தவறான கட்டத்தில் போட்டுவிட்டு என்னைத் திருத்தச் சொன்னார். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "பதில் சொன்னவருதான் மாத்தணும். நம்ம பேனா அதுல படக்கூடாது" என்றாய். அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்தவன், உன் முறை வந்தபோது இருமலை விழுங்கிக்கொண்டு 'இல்லை' என்று போட்டாய்.

வெளியே வந்ததும் கேட்டேன். "மாடிப்படி ஏறினா நின்னு நின்னு வர்றவன் நீ. ஏன்டா அப்படி போட்டே?"

"அவரு பக்கத்துலயே நின்னுகினு இருக்காரு. ஆமான்னு எப்படிடா போடுறது? இருமுறவன மறுநாள் தொட்டிகிட்ட வுட மாட்டாங்க. எனக்கு முன்னாடி அங்க நின்னவங்க எங்கன்னு கேட்டியா? முடியாம ஊட்ல கெடக்குறாங்க. அவங்களுக்கு ஃபாரம் குடுத்தியா நீ?"

கொடுக்கவில்லை. இன்னும் நிற்க முடிகிறவர்களிடம் போய் நிற்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு வந்திருந்தோம்.

"வுடு. ஒரு டிக்குல இன்னா ஆயிடப்போவுது" என்றாய்.

கல்லூரி லேபில் கணக்குப் போட்டோம். பி, நூற்றுக்கு ஐந்து என்ற அந்த 0.05 கோட்டுக்கு மயிரிழை மேலே வந்து நின்றது. நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேறுபாட்டைக் காட்ட முடியலன்னு எழுது" என்றாய். நான் "வேறுபாடு இல்லை" என்று எழுதினேன். பழைய மாணவர்களின் அறிக்கைகளில் அப்படித்தான் இருந்தது. பிரிண்ட் கடை மூடுகிற நேரம். எனக்குச் சொல்ல வேறு காரணம் இல்லை.

அலுவலகத்தில் அதிகாரி கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். "தம்பி, வேறுபாடு இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் எதுக்கு ஃபேனு?" என்றார். நான் விளக்கப் பார்த்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இறங்கும்போது படியில் மூன்று முறை நின்றாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி கேட்டாய்: "இறங்கறதுக்கே நிக்கிறேன் பாரு. இத எந்த கட்டத்துலடா போடுவே?"

அடுத்த ஆடிக்கு நீ இல்லை. ஆஸ்பத்திரித் தாளில் 'மூச்சுத் திணறல்' என்று எழுதியிருந்தார்கள். சாயம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. செல்போன் ஆப்பில் பட்டன் நீலமாக இருந்தால் அதிகம் பேர் அழுத்துகிறார்களா, பச்சையாக இருந்தாலா என்று பார்க்கிறேன். லட்சக்கணக்கில் ஆட்கள் கிடைக்கிறார்கள். அத்தனை பேரை எண்ணினால் ஒன்றுக்கும் உதவாத சின்ன வித்தியாசம்கூட 0.05-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. கைதட்டுகிறார்கள். பட்டனுக்கு லட்சம் பேர். உங்கள் மூச்சுக்கு முப்பது பேர், அதுவும் முதலாளி பார்க்க.

இன்று காலை அறுபது படிவங்களையும் மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பிறகு பதினேழாம் எண்ணில் உன் 'இல்லை'யை 'ஆமாம்' ஆக்கிப் பார்த்தேன். அந்த ஒன்றை மட்டும். எண் கோட்டுக்குக் கீழே விழுந்தது. வேறுபாடு உண்டு என்பதற்கு அடையாளமாக, எண்ணுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஒரு நட்சத்திரக் குறி போட்டது. அதிகாரிக்கு வேண்டியிருந்த நட்சத்திரம். ஒரு டிக்கில் என்ன ஆகும் என்று கேட்டாயே, இதுதான் ஆகும். நெஞ்சு அதே நெஞ்சு, ஆவி அதே ஆவி. மயிரிழைக்கு அந்தப் பக்கம் போனால் ஃபேன் கேட்கலாம், இந்தப் பக்கம் நின்றால் கேட்கக்கூடாது.

ரொம்ப நேரம் அந்தக் குறியைப் பார்த்து அழுதேன். அப்புறம் அழித்துவிட்டேன். பழைய பதிலையே திரும்பப் போட்டேன். பதில் சொன்னவன்தான் மாற்ற வேண்டும்.

ஆபீசில் யாராவது "வேறுபாடு இல்லை" என்று எழுதினால் அடித்துவிட்டு, "காட்ட முடியவில்லை" என்று எழுதுகிறேன். ரெண்டும் ஒன்றுதானே என்கிறார்கள். என்னைக் கிறுக்கன் என்று நினைக்கிறார்கள். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம்தான். அதை எழுத வேண்டிய நாளில் நான் எழுதவில்லை.

படிவத்தைத் திருப்பி உன் பக்கமாக வைத்திருக்கிறேன். பேனாவை மேலே வைத்திருக்கிறேன், மூடியைக் கழற்றி. இங்கே டீ இல்லை, முதலாளி இல்லை, நாளைக்குத் தொட்டி இல்லை. யாரும் உன்னைப் பார்க்கவில்லை. மறுபடி கேட்கிறேன்.

வேலை செய்யும்போது மூச்சு வாங்குதாடா? ஆமாவா இல்லையா, நீயே போடு.