பதினோரு வெள்ளைக் கற்கள்

கிளேர், அயர்லாந்து
3 அக்டோபர் 1974

அன்புள்ள தம்பி டெக்லனுக்கு,

அக்கா நோரீன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். பாஸ்டனில் நீ நலமா என்று கேட்க இந்த முறை மனம் வரவில்லை. உருளைக்கிழங்கு விளைச்சல் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் மாட் இடுப்புவலியோடு கடலுக்குப் போய் வருகிறார்.

கோட்டை வயலை நீ விற்றதைத் தபால்காரர் மைலோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "என்னம்மா, தம்பி உன்கிட்ட ஒரு வார்த்தகூடச் சொல்லலயா?" என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பா உன் பேரில் எழுதிய நிலம்தான். ஆனாலும் வயிறு எரிகிறது, டெக்லன்.

வாங்கியவர் ஓட்டல் கட்டுகிறாராம். இடிந்து கிடக்கும் கோட்டை யாருக்கு வேண்டும் என்று சிரித்தாராம். நம் முன்னோர் ஐந்நூறு வருஷத்துக்கு முன் எழுப்பியது. வாளோடு ஏறி வருகிறவன் தடுக்கி விழட்டும் என்று ஒரு படியை மட்டும் உயர்த்தி வைத்தார்களே, அது இன்னும் இருக்கிறது. இங்கிலீஷ் சிப்பாய்கள் மூன்று வாரம் முட்டியும் திறக்காத கதவை உள்ளே இருந்த கோட்டைத் தலைவனின் கடைசித் தம்பிதானே தாழ் திறந்துவிட்டான்? அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், "நானா இருந்தா செத்தாலும் தெறந்திருக்க மாட்டேன்" என்று நீ குதிப்பாய்.

பதினாறு வருஷத்துக்கு முன் என் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தான். ஞானஸ்நானம் பெறாதவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் பழைய பாதிரியார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கோட்டைச் சுவரோரம்தான் இடம், பெற்றவள் கூடப் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். மாட் கடலில் இருந்தார். நீதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். திரும்பி வந்து, "கெழக்குச் சுவரோரம்க்கா. மேல ஒரு வெள்ளக் கல்லு வச்சிருக்கேன், அழாத" என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இதெல்லாம் தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாய்?

நேற்று அந்தச் சுவரோரம் முழுக்க முள்ளை வெட்டினேன். பதினோரு வெள்ளைக் கற்கள் இருக்கின்றன.

இருபதாம் தேதி புல்டோசர் வருகிறது. புதுப் பாதிரியார் நல்லவர். "எல்லாப் பிள்ளைங்களயும் கொண்டு வாங்கம்மா, கல்லறைத் தோட்டத்துலயே வைப்போம்" என்கிறார். பதினொன்றையும் எடுக்கப் போகிறோம். என் பிள்ளையை மட்டும் நானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அன்றைக்குத்தான் விடவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே, படிக்கத் தெம்பில்லை. வாசல் பக்கமிருந்து எத்தனையாவது கல் என்று தந்தி அடி. ஒரே ஒரு எண் போதும்.

நீ தோளில் தூக்கி வளர்க்கும் உன் பிள்ளைகளைக் கடவுள் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும்.

இன்னும் உன் அக்காதான்,
நோரீன்