அக்காவுக்கு ஒரு வாய்

சந்தாபுரா,
ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்

அன்பு மகள் வித்யாலட்சுமிக்கு,

அப்பா எழுதுவது. ஹாம்பர்கில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் ரக்ஷிதாவும் நலம். அந்த நலத்தில் ஒருவருக்கு மட்டும் எடை கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதால்தான் இந்தக் கடிதம். வாரா வாரம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீடியோவில் திரைக்கு நடுவே உட்கார்ந்திருப்பவள் உன் தங்கை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போனை என்னைவிட அதிகம் படிப்பவளும் அவள்தான். பதினொரு வயதுப் பெண்கள் எட்டிப் பார்க்காத இடம் இன்றைக்குத் தபால் ஒன்றுதான். மற்றபடி செய்திகள்: அம்மாவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, அதாவது எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸை அரை மணி நேரம் முன்னதாகப் பிடிக்கிறாள். நம் தெருவை மறுபடி தோண்டியிருக்கிறார்கள். போன தடவை எதற்குத் தோண்டினோம் என்று பார்ப்பதற்காக இருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு சந்திரம்மாவை உனக்குத் தெரியும், வாசல் அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாரே, அவர்தான். ஜூன் மாதம் ரக்ஷிதாவின் யூனிபார்ம் பாவாடையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, தப்பு தில்கோபேடி சார், தப்பா நினைக்காதீங்க, ஒரே வருஷத்துல மூணாவது தடவை இடுப்பைப் பிரிச்சு விட்டிருக்கேன், இனிமே பிரிக்கறதுக்கு உள்ளே துணி இல்ல என்றார். நான் அதை என் சமையலுக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். நீ ஜெர்மனிக்குப் போன அதே வருடம் ஓசூர் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அடுப்படிப் பொறுப்பை ஏற்றவன் நான். மூன்று வருடத்தில் வெளியாரிடமிருந்து வந்த முதல் பாராட்டு அது. இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் பின்கழுத்து கறுத்து, வெல்வெட் துணி மாதிரித் தடித்திருந்தது. அழுக்கு என்று முடிவு செய்து ஒரு மாதம் பயத்தமாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன். அவள் அழுதாள், தோல் சிவந்தது, கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் உடல் பரிசோதனை நடத்திச் சீட்டு அனுப்பினார்கள். டாக்டர் லீனா என்று குழந்தைகள் டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கூட்டிப்போனோம். நாற்பத்தொன்பது கிலோ, நூற்று நாற்பது சென்டிமீட்டர். முப்பது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் பொருளைக் குறை சொல்லுமுன் கருவியைச் சந்தேகிப்பான். மறுநாள் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போய், காத்திருந்த ஆறேழு தாய்மார்கள் முன்னிலையில் அதை அந்த எடை மெஷினில் ஏற்றினேன். இருநூறு கிராம் குறைத்துக் காட்டியது. உங்கள் மெஷின் தவறு என்று அறிவித்தேன். நர்ஸ் அலமாரியிலிருந்து ஓர் எடைக்கல்லை எடுத்து வைத்தார். மெஷின் சரி, என் அரிசிக்கடைதான் தவறு. அதற்குப் பிறகுதான் டாக்டர் சொன்னதைக் கேட்க எனக்குக் காது வந்தது. கழுத்துக் கறுப்பு அழுக்கே அல்லவாம், உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்கவில்லை என்பதற்கு அடையாளமாம். சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, இப்படியே விட்டால் பள்ளிப் படிப்பு முடிவதற்குள் சர்க்கரை நோய்க்காரி ஆகிவிடலாம் என்றார். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எடையைக் குறைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். குறைக்கவே வேண்டாம், வளருகிற பிள்ளை, எடை இருந்த இடத்திலேயே நின்றால் போதும், உயரம் வந்து எட்டிப்பிடித்துக்கொள்ளும் என்றார். அவளை மட்டும் தனியாகப் பத்தியம் இருக்க வைக்காதீர்கள், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, டிவி முன்னால் தட்டு கூடாது, பாட்டில் ஜூஸ், எண்ணெய்ப் பண்டம் கூடாது, தினம் ஒரு மணி நேரம் ஓடட்டும், நேரத்துக்குத் தூங்கட்டும், அவள் காதுபட எடையைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் அவளை சிலிண்டர் என்று கூப்பிடுகிறார்கள் என்பதும், வயிற்று வலி என்று சொல்லி இரண்டு மாதமாக விளையாட்டு வகுப்புக்கே போகவில்லை என்பதும் அன்றைக்கு அந்த அறையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டர் கேட்டார், அவள் சொன்னாள். நாங்கள் கேட்டதில்லை.

நான் களத்தில் இறங்கினேன். முளைகட்டிய பயறு, ஓட்ஸ் உப்புமா, வெள்ளரிக்காயை நட்சத்திர வடிவில் நறுக்கி ஒரு தட்டு. அவள் நட்சத்திரங்களை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து ஒன்றிரண்டை விழுங்குவாள். பேக்கரி ரங்காவிடம் போய் ஹனி கேக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தச் சமயத்தில்தான் அவள் சாயங்காலங்களில் சந்திரம்மா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அவர் மகள் ஷில்பாவும் இவள் வயதுதான். இரண்டும் தெருவில் தோண்டாமல் மிச்சம் விட்ட இடத்தில் கயிறு தாண்டுகின்றன, கட்டம் போட்டுக் குண்டே பில்லே விளையாடுகின்றன, அதாவது நம் பாண்டி. விளையாடி முடித்ததும் அங்கேயே சாப்பாடு. சாப்பாடு என்ன தெரியுமா, ராகி முத்தேயும் கீரைச் சாறும். அந்த முத்தே வேறொன்றுமில்லை, கேழ்வரகுக் களி, சாறு என்பது நீர்த்த கீரைக் குழம்பு. என் அம்மா கிண்டிப் போட்டபோது அதிலிருந்து தப்பிப்பதற்காகவே நான் டிப்ளமோ படித்தேன். என் வீட்டில் நட்சத்திரத்தை ஒதுக்குகிற பெண் அங்கே உருண்டையை விழுங்கிவிட்டு வந்து, சந்திரம்மா ஆண்ட்டி கை சாறு சூப்பர்ப்பா என்று என்னிடமே சொல்கிறாள். நான் முகம் மாறாமல், அப்படியா, நல்லது என்றேன். மறுநாள் சந்தைக்குப் போய் ஐந்து வகைக் கீரை வாங்கினேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, நல்லாருக்கு, ஆனா அது வேற என்றாள். என்ன வேறு என்பதைத் தெரிந்துகொள்ள அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் பக்கமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அங்கே செடி இல்லை என்பதை உன் அம்மா சுட்டிக்காட்டினாள். ஒரு களி உருண்டைக்கு இவ்வளவு வயித்தெரிச்சலா, மோர் குடிங்க, அடங்கும் என்றாள். இதைப் பொறாமை என்று அவள் சொல்கிறாள். நான் இதைப் போட்டியாளரின் தரத்தைக் கவனிப்பது என்று சொல்வேன். என் கையால் சாப்பிட்டால் சர்க்கரை ஏறுகிறது, அந்தம்மா கையால் சாப்பிட்டால் இறங்குகிறது என்றால் எந்த மனிதனும் கவனிக்கத்தான் செய்வான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியாமல் எட்டு மசால் வடை சுட்டு டப்பாவில் போட்டு, அண்டை வீட்டு மரியாதை என்ற பெயரில் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எண்ணெய்ப் பண்டம் வேண்டாம் என்று சொல்லியிருந்ததை வாசல் வரை மறந்திருந்தேன். கதவு திறந்திருந்தது, திரை தொங்கியது. உள்ளே சந்திரம்மா, சாகா புட்டி, இன்னு ஸ்வல்ப ஹாக்லா என்று, போதுமா இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டார். நம் வீட்டில் கேட்பதில்லை, வைத்துவிட்டுத்தான் கேட்போம். ரக்ஷிதா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போதும் ஆண்ட்டி, இங்கதான் போதும்னு சொல்ல முடியுது, எங்க வீட்ல சொன்னா அக்கா ஏர்போர்ட் போன அன்னிக்கு இருந்த மாதிரி அப்பா மூஞ்சி ஆயிடும், அக்கா பங்கையும் நான்தானே சாப்பிடணும் என்றாள். சந்திரம்மா தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது. பாதி உருண்டை மிச்சமிருந்த தட்டாகத்தான் இருக்க வேண்டும். நான் திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து எட்டு வடையையும் தின்றேன். இதை அம்மாவிடம் சொல்லாதே, அடுத்த மாதம் எனக்குக் கொலஸ்ட்ரால் டெஸ்ட் இருக்கிறது.

அவள் சொன்னது சரி, வித்யா. அவளுக்கு இரண்டு வயதில் ஊட்டிவிட்டது நீதான். அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், அக்காவுக்கு ஒரு வாய் என்று ஒவ்வொருவர் பேரையும் சொல்லி உள்ளே தள்ளுவாய். நீ போன பிறகு அந்த அக்கா வாய் மட்டும் நிற்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வாழைக்காய் பஜ்ஜி கேட்பாய், சேமியா பாயசம் கேட்பாய், நான் செய்வேன், நீ திரையிலிருந்து ரக்ஷி எனக்கு ஒரு வாய் என்பாய், அவள் சாப்பிடுவாள், நீ சிரிப்பாய், உன் சிரிப்பைப் பார்த்து நான் இன்னொரு கரண்டி வைப்பேன். மற்ற ஆறு நாளும்கூட நான் நாலு பேருக்குத்தான் உலை வைத்திருக்கிறேன். உன் அம்மா மூட்டு வலிக்காரி, அளவாகச் சாப்பிடுவாள். மிச்சம் விழுந்தால் என் முகம் விழும். அந்த முகத்தைத் தூக்கி நிறுத்துகிற வேலையை ஒரு சின்னப் பெண் மூன்று வருடமாகத் தட்டு தட்டாகச் செய்திருக்கிறாள். பேக்கரி ரங்காவைத் திட்டியிருக்கிறேன், ஜூஸ் பாட்டிலைத் திட்டியிருக்கிறேன், எடை மெஷினைத் திட்டியிருக்கிறேன். கரண்டி என் கையில் இருந்தது.

இன்றைக்கு உனக்கு ஆபீஸ் பயணம், அழைப்பு இல்லை. மூன்று பேருக்கான அரிசி மட்டும் போட்டேன். சாதம், முருங்கைக்கீரைப் பொரியல், ரசம். வைத்துவிட்டுக் கேட்காமல், கேட்டு வைத்தேன். பாதியில் அவள் கையை எடுத்துக்கொண்டு, போதும்ப்பா என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடம் மைக்ரோமீட்டர் பிடித்த அனுபவம் முழுவதையும் திரட்டி முகத்தை அளவுக்குள் வைத்திருந்தேன். சரிம்மா என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் கை கழுவிவிட்டு ஓடினாள். எங்கே ஓடினாள் என்று நினைக்கிறாய். அந்தச் செய்தியைச் சொல்ல சந்திரம்மா வீட்டுக்கு. அந்தம்மாவுக்கு ஒரு நல்ல மனிதர் என்ற பெயர் கிடைப்பதை நான் தடுக்கப் போவதில்லை, ஆனால் அந்தச் சாற்றில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்பது என் கருத்து.

போன வாரம் டாக்டர் லீனா பார்த்தார். நான்கு மாதத்தில் எடை அதே நாற்பத்தொன்பது, உயரம் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது, நானும் என் ஸ்டீல் டேப்பில் அளந்து உறுதிசெய்தேன். சர்க்கரை கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறது. சந்தோஷப்படுங்கள், விட்டுவிடாதீர்கள் என்றார். கழுத்துக் கறுப்பு போக நாளாகுமாம், நான் தொடுவதில்லை. விளையாட்டு வகுப்புக்குப் போகிறாள். சந்திரம்மாவும் யூனிபார்மைக் கொண்டுவந்து கொடுத்தார். இடுப்பு அப்படியே இருக்கு சார், நீளம் மட்டும் இறக்கி விட்டிருக்கேன் என்றார். அந்தத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. ஞாயிற்றுக்கிழமை தட்டைக் காட்டச் சொல்லாதே. என்ன சமையல் என்று கேட்காதே, என்ன விளையாடினாய் என்று கேள். ஊருக்கு வருகிறவர்களிடம் சாக்லேட் கொடுத்தனுப்பாதே. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் தாண்டும் கயிறு ஒன்று அனுப்பு, ஷில்பாவின் கயிற்றைவிட நல்லதாக இருக்கட்டும். எடையைப் பற்றி உனக்குத் தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே. உனக்கு வாழைக்காய் பஜ்ஜி நினைவு வந்தால் எனக்குத் தனியாகப் போன் செய், மாவு கரைக்கும் விதம் சொல்லித்தருகிறேன், அங்கே வாழைக்காய் கிடைக்காவிட்டால் உருளைக்கிழங்கில் செய்து பார். குளிர் ஆரம்பிக்கிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள். நோய் நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி, நன்றாக இரு. எழுதியதில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதே. இனிமேல் உன் பங்கை நீயே சாப்பிட்டுக்கொள்.

அன்புடன் உன் அப்பா,
பாலகுமார்