பால் பொங்கிய அடுப்பு

11.9.83, ஞாயிறு
விடியற்காலை மழை. புது வீட்டில் பால் காய்ச்சியாயிற்று. ஜெலாப்பாங்கில் சொந்த வீடு, புது கேஸ் அடுப்பு. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் விறகை ஊதி ஊதி இருமியவள் நான். முதல் நெருப்பை நான்தான் பற்றவைப்பேன் என்று இவரிடம் போன வாரமே சொல்லியிருந்தேன். சரி என்றார்.

பீடோரிலிருந்து அண்ணி, இவருடைய அக்கா, வந்து இறங்கியதும் என் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்காத குறை. "கூடப் பொறந்தவ நான் இருக்கேன்லா, நீ தள்ளு." இவர் வாசலில் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். செருப்பு!

பால் பொங்கியது. அணைக்கப் போனேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டார். "நாலு பக்கமும் வழியட்டும். அப்பத்தான் வீடு வெளங்கும்." விறகடுப்பில் வழிந்தால் சாம்பல் குடித்துக்கொள்ளும், இது கேஸ் அடுப்பு அண்ணி என்றேன். யார் கேட்டது. சீனி போட்ட பால் வேறு.

வாடகை நாற்காலி திருப்ப வேண்டும். மிச்ச வாழை இலை பக்கத்து வீட்டுக்கு.

12.9, திங்கள்
வேலை விட்டு வந்ததும் அடுப்பு. பால் காய்ந்து, கருகி, ஓடு மாதிரி. கத்தி போட்டால் எனாமல் போய்விடும். வெந்நீர்த் துணி போர்த்தி ஊறவைத்தேன். பர்னர் மூடி இரண்டும் புளித்தண்ணீரில். அப்புறம் ஊசி, ஓட்டை ஓட்டையாக. விரல் நுனியெல்லாம் எரிச்சல்.

இவர் எட்டிப் பார்த்து, "சாப்பாடு ஆச்சா?"

எதில் ஆகும்?

14.9, புதன்
நல்ல வெயில். துணி காய்ந்தது. இடது பர்னர் இன்னும் மஞ்சளாகத்தான் எரிகிறது. சட்டி அடியெல்லாம் கரி.

அழுதேன். அடுப்புக்காக இல்லை. "அவளே பத்தவைக்கட்டும்கா" என்று ஒரு வார்த்தை. இவர் வாயிலிருந்து அது வரவில்லை.

சீயக்காய் தீர்ந்துவிட்டது.

18.9, ஞாயிறு
அண்ணி மறுபடியும். வீடு காட்ட இரண்டு சொந்தக்காரப் பெண்களோடு. அடுப்பைப் பார்த்துவிட்டு, கூடம் வரை கேட்கிற மாதிரி: "என்னா பொண்ணுலா இவ. புது அடுப்பு, அதுக்குள்ள கரி புடிக்க வச்சிட்டா. எஸ்டேட் புத்தி போகல." அண்ணி பிறந்ததும் எஸ்டேட்டில்தான்.

நான் கத்தவில்லை. பர்னரைக் கழற்றினேன். ஊசியையும் பழைய பல் பிரஷையும் அண்ணி கையில் வைத்தேன். "பொங்க வச்சது நீங்கதானே அண்ணி. நீங்களே சுத்தம் பண்ணிருங்க."

இவர், "ஏய்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான். வந்த பெண்கள் சுவர் நாட்காட்டியைப் படித்தார்கள். அண்ணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினார். பக்கத்திலேயே நின்றேன். கை கொடுக்கவில்லை.

19.9, திங்கள்
இவருக்குக் கோப்பி வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார்.

இரண்டு பர்னரும் நீலமாக எரிகின்றன.